ஊசி போன வழி

அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி, தலையணையைக் கட்டிக்கொண்டு, 74 வயதில் தொட்டில் பிள்ளை மாதிரி கிடந்தார். என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். "நீங்க முன்பக்கமா வந்து கையைப் பிடிச்சுக்குங்கம்மா, அவர் ஆடக் கூடாது" என்றார் டாக்டர். அரைஞாண் கயிறு கிடக்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, முதுகுப் பக்கம், கட்டைவிரலால் அழுத்தித் தேடி, எலும்பு மேடாகத் தட்டுப்பட்ட இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

அந்தப் புள்ளியிலிருந்து உள்ளே சில சென்டிமீட்டர்தான். ஆனால் அடுத்த சில மாதங்களுக்கு நான் படித்தது, கேட்டது, அப்பாவோடு வாதாடியது எல்லாமே அந்த ஊசி போன வழியைப் பற்றித்தான்.

அங்கே வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. இரண்டு மாதமாக அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. முகம் வெளுத்து, அதிலும் ஒரு எலுமிச்சை மஞ்சள் சாயல். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.2, வெள்ளை அணுக்கள் 2,800, தட்டணுக்கள் 62,000. மூன்றுமே குறைவு. "ஒண்ணு மட்டும் குறைஞ்சிருந்தா அதுக்குன்னு ஒரு காரணம் தேடலாம். மூணும் சேர்ந்து குறைஞ்சா, மூணும் எங்கே தயாராகுதோ அங்கே, எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையில போய்ப் பார்க்கணும்" என்றார் டாக்டர். புற்றுநோய் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. அன்றிரவு என் கைபேசி சொல்லிவிட்டது.

முதலில் மரத்துப்போக ஊசி. தோலுக்கு ஒன்று, பிறகு அதே ஊசியை இன்னும் ஆழமாக இறக்கி எலும்பின் மேலேயே மருந்தைப் பரப்பினார். எலும்புக்கு எதற்கு மரத்துப்போகும் மருந்து என்று எனக்கு அப்போது தோன்றியது. எலும்பு என்றால் உள்ளே நட்டு வைத்த கட்டை என்றுதான் மனதுக்குள் ஒரு படம் இருந்தது. ஆனால் எலும்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. பெரியாஸ்டியம் என்பார்கள். அதில் நரம்புகள் அடர்த்தி. இருட்டில் கட்டில் காலில் முன்னங்கால் இடித்து உயிர் போகிற மாதிரி வலித்திருக்கிறதா? அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. அலறுவது அந்த உறைதான். பிள்ளைகளின் எலும்பு பருமனாவது இந்த உறையின் உள்பக்கத்துச் செல்களால். முறிந்த எலும்பைச் சுற்றி முதலில் வேலையில் இறங்குபவையும் அவையே. மாவுக்கட்டு போட்டாலும், புத்தூருக்குப் போய்க் கட்டுக் கட்டிக்கொண்டு வந்தாலும், வெளியிலிருந்து செய்ய முடிவது எலும்பை நேராக நிறுத்திவைப்பது மட்டும்தான். ஒட்டவைப்பது உடம்பு. தோலில் ஆழமான காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு அப்படியில்லை, நன்றாகக் கூடிவிட்டால் பழைய எலும்பாகவே திரும்பிவிடும். எங்கே முறிந்தது என்று சில வருடம் கழித்து எக்ஸ்ரேயில் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து பெரிய ஊசி. டாக்டர் நர்ஸிடம் "ஜம்ஷிடி" என்று கேட்டு வாங்கினார். அதை வடிவமைத்த மருத்துவரின் பெயர் அது. ஊசி என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்குறைவுதான். அது கைப்பிடி வைத்த குழாய். உறையைத் தாண்டியதும் டாக்டர் குத்தவில்லை, திருகினார். வலம், இடம், வலம், இடம். தோளின் பலத்தையும் கொடுத்து அழுத்தினார். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. ஈரமில்லாத பலகையில் திருப்புளி இறங்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது கெட்டி எலும்பு. உடம்பின் மொத்த எலும்பு எடையில் 80 சதவீதம் இந்த வகை. கெட்டி என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்கக் கூடாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வெட்டிய மரத்தின் வளையம் மாதிரி வட்டம் வட்டமாக அடுக்குகள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு துளை. துளைக்குள் ரத்தக் குழாயும் நரம்பும். 1691-ல் இந்தத் துளைகளைப் பற்றி எழுதிய கிளாப்டன் ஹேவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர்தான் இன்றும் அவற்றுக்கு. அவர் அது எண்ணெய் ஓடும் வழி என்று நம்பினார். பார்த்தது சரி, படித்தது தப்பு. பரவாயில்லை, பெயர் நிலைத்துவிட்டது.

எலும்பு எதனால் ஆனது என்பதைப் புத்தகத்தில் படித்ததைவிட என் மகளிடம்தான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். அப்பாவிடமிருந்து எடுத்தது இரண்டு: ஊசியில் உறிஞ்சிய கொஞ்சம் மஜ்ஜை, குழாய்க்குள் மாட்டிக்கொண்டு வந்த இரண்டு சென்டிமீட்டர் எலும்புத் துண்டு. மஜ்ஜையின் முடிவு சீக்கிரம் வரும், துண்டின் முடிவுக்கு ஒரு வாரம் பிடிக்கும் என்றார்கள். ஏன் என்று லேப் பையனிடம் கேட்டேன். "எலும்பை அப்படியே சீவ முடியாது மேடம், பிளேடு போயிடும். ஆசிட்ல ஊற வெச்சு மெத்துன்னு ஆக்கணும்" என்றான். இதை வீட்டில் வந்து சொன்னதும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், தோழி வீட்டிலிருந்து ஒரு கோழிக்கால் எலும்பைக் கழுவி எடுத்துவந்து வினிகரில் போட்டாள். எங்களுடையது சைவ வீடு. தாத்தாவுக்குத் தெரியாமல் மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் அந்த பாட்டில் ஐந்து நாள் இருந்தது. தினமும் வினிகரை மாற்றினாள். ஐந்தாம் நாள் எலும்பு ரப்பராகிவிட்டது. உருவம் மாறவில்லை, வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது.

அமிலம் தின்றது உப்பை. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரத நார். மகளின் கையில் வளைந்தது அந்த நார் மட்டும்தான்.

மற்ற பாதியை நான் அதற்கு இரண்டு வருடம் முன்பே பார்த்திருந்தேன், என்ன பார்க்கிறேன் என்று தெரியாமல். அம்மாவின் காடாற்று அன்று. அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். நாம் சாம்பல் என்று புரிந்துகொள்கிறோம். பால் தெளித்த பிறகு அப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெள்ளை வெளேரென்று, வடிவம் குலையாமல் இருந்த ஒரு துண்டு அவர் விரல்களுக்கு நடுவில் அப்படியே பொடிந்தது. நெருப்பு நாரைத் தின்றுவிட்டு உப்பை விட்டுவைத்திருந்தது.

பாட்டில் விஷயம் கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்துபோனது. கோபப்படவில்லை. அவர் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். 33 வருடம் சிறு பாலங்கள், மதகுகள், பள்ளிக்கூடக் கட்டடங்கள். ரப்பர் எலும்பைத் தொடாமல், தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கம்பி. கான்கிரீட் கரைஞ்சுபோச்சு." அவ்வளவுதான், அதற்கு மேல் எந்தப் பாடப் புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை. அழுத்தத்தைத் தாங்க கான்கிரீட், இழுவையைத் தாங்கக் கம்பி. ஒன்றில்லாமல் மற்றொன்று நொறுங்கும் அல்லது துவளும்.

சரி, ஊசிக்கு வருகிறேன். திருகிக்கொண்டே இருந்தவரின் கை திடீரென்று லேசாக முன்னால் போனது. "உள்ளே வந்தாச்சு" என்றார். கெட்டி ஓடு முடிந்து பஞ்சு எலும்பு தொடங்கும் இடம் அது.

பஞ்சு என்று பெயர்தான், தொட்டால் பஞ்சு இல்லை. மெல்லிய எலும்புக் கம்பிகளும் தகடுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சாரம். முதலில் பார்ப்பவருக்கு ஒழுங்கே இல்லாத மாதிரி தெரியும். 1866-ல் ஸூரிக் நகரில் ஹெர்மன் ஃபோன் மெயர் என்ற உடற்கூறு ஆசிரியர், தொடை எலும்பின் தலையை நெடுக்காக அறுத்த துண்டுகளை ஒரு கூட்டத்தில் காட்டினார். அங்கே இருந்த கார்ல் குல்மான் கட்டடப் பொறியியல் பேராசிரியர். பாரம் தூக்கும் கிரேனின் வளைந்த கைக்குள் சுமை எந்தக் கோடுகளில் இறங்கும் என்று வரைந்து வரைந்து பழகிய மனிதர். எலும்புக்குள் ஓடும் கோடுகளும் தான் வரைகிற கோடுகளும் ஒரே மாதிரி இருப்பதை அவர் கவனித்தார். 1892-ல் யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் இதை ஒரு விதியாகவே எழுதினார்: சுமை மாறினால் எலும்பும் தன் உள்கட்டுமானத்தை மாற்றிக்கொள்ளும். கணக்கில் பிறகு வந்தவர்கள் திருத்தங்கள் போட்டார்கள், ஆனால் விஷயம் நின்றுவிட்டது. எடையே இல்லாத விண்வெளியில் இருப்பவர்களின் இடுப்பெலும்பு, உடற்பயிற்சியை விட்டுவிட்டால், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறது. சுமை இல்லையென்றால் தூண் எதற்கு என்று உடம்பு கேட்கிறது.

இதைக் கேட்டபோது அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் அவரால் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்று இருந்தது. எலும்பு ஒருமுறை கட்டி முடித்த கட்டடம் இல்லை, வளர்ந்தவர்களின் எலும்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இடிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்படுகிறது என்று சொன்னேன். இடிக்க ஒரு செல், ஆஸ்டியோகிளாஸ்ட். எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து குழி பறிக்கும். கட்ட ஒரு செல், ஆஸ்டியோபிளாஸ்ட். முதலில் நாரைப் பின்னும், பிறகு அதில் உப்பு படியும். இடிப்பது சில வாரம்; கட்டி முடிப்பது சில மாதம்.

"இடிச்சு இடிச்சுக் கட்டினா எஸ்டிமேட் எவன் போடுவான் பாப்பா?"

45 வயது ஆகிறது, இன்னும் பாப்பாதான்.

"அதுக்கும் ஓவர்சீயர் உண்டுப்பா" என்றேன். உண்மையிலேயே உண்டு. கட்டுகிற செல்களில் சில, தாங்கள் கட்டிய சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. பெயர் மாறி ஆஸ்டியோசைட் ஆகிவிடும். எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இவைதான். சுவருக்குள் உட்கார்ந்தபடியே நூல் போன்ற கைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நடக்கும்போது எலும்பு நுணுக்கமாக வளைவதை, எங்கே மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது என்பதை எல்லாம் இவை உணர்ந்து, இங்கே இடி, அங்கே கட்டு என்று ஆளனுப்புகின்றன. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "நாங்க ஜீப்புல போய் எட்டிப் பார்த்துட்டு வந்தோம். இவன் சுவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கான்" என்றார். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

வயதானால் இடித்த அளவுக்குத் திரும்பக் கட்ட ஆள் பற்றாது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் பாக்கி விழும். அப்புறம் இன்னொரு நிர்ப்பந்தமும் இருக்கிறது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான், சுமார் ஒரு கிலோ. ரத்தத்தில் இருப்பது சொற்பம், ஆனால் இதயம் துடிப்பதும் தசை சுருங்குவதும் அந்தச் சொற்பத்தை நம்பித்தான். அது குறைந்தால் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் கண்டுபிடித்துவிடும். உடனே எலும்பிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு. வீட்டை இடித்துக் கடன் கட்டுகிற கதை.

ஊசியின் உள்கம்பியை உருவிவிட்டு டாக்டர் சிரிஞ்சைப் பொருத்தினார். "இப்போ ஒரு இழுப்பு இருக்கும் ஐயா, அதுக்கு மருந்து கிடையாது, பல்லைக் கடிச்சுக்குங்க." உறையை மரத்துப்போகச் செய்யலாம், எலும்புக்குள்ளிருந்து உறிஞ்சும்போது வரும் அந்தச் சுண்டலை எதுவும் செய்ய முடியாதாம். அப்பா சத்தம் போடவில்லை. என் விரல்களை நெரித்தார். கால் முழுக்க யாரோ உள்ளிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். மூன்று நொடிகூட இருக்காது. சிரிஞ்சில் ரத்தம் மாதிரி ஒன்று வந்தது. டெக்னீஷியன் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுச் சாய்த்துப் பார்த்து, "பார்ட்டிகிள் இருக்கு சார்" என்றார். ரத்தத்தின் நடுவே மணல்மணலாக, எண்ணெய் மினுக்கோடு சில துகள்கள். அதுதான் மஜ்ஜை. உறைவதற்குள் மளமளவென்று பத்துப் பன்னிரண்டு கண்ணாடியில் தேய்த்துவிட்டார்.

மஜ்ஜையோடு எனக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு. ஹாஸ்டலில் இருந்த நாட்களில், வீட்டுக்குத் தெரியாமல், தோழிகளோடு நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சியிருக்கிறேன். அது பெரும்பாலும் கொழுப்பு மஜ்ஜை, மஞ்சள் நிறம். பிறக்கும்போது நம் எலும்புகள் எல்லாவற்றிலும் ரத்தம் தயாரிக்கும் சிவப்பு மஜ்ஜைதான் இருக்கும். வளர வளர, கை கால் நுனியிலிருந்து சிவப்பு பின்வாங்கி அந்த இடத்தில் கொழுப்பு குடியேறும். வளர்ந்தவர்களுக்கு மண்டையோடு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, இடுப்பு, தொடை மற்றும் மேற்கை எலும்புகளின் மேல்முனை, அவ்வளவுதான் மிச்சம். அதனால்தான் ஊசி காலுக்குப் போகாமல் இடுப்புக்குப் போனது.

அந்த மிச்ச இடத்தில் நடக்கும் உற்பத்தியை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள். ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி. ஒரு சிவப்பணு 120 நாள் ஓடும், தட்டணு ஒரு வாரம் பத்து நாள். வெள்ளையணுக்களில் அதிகமாக இருக்கும் வகைக்கு ரத்தத்தில் ஒரு நாள்கூட ஆயுள் இல்லை. எல்லாமே ஒரே மூலச் செல்லின் வம்சம். எலும்பை இடிக்கும் ஆஸ்டியோகிளாஸ்டும் அதே வம்சம்தான் என்பது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாத்திரத்துக்குள் பால் இருப்பது போல எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இங்கே பாலின் பிள்ளை பாத்திரத்தைச் சுரண்டுகிறது; பாத்திரத்தின் உள்சுவரில் இருக்கும் செல்கள் பால் திரியாமல் பார்த்துக்கொள்கின்றன. எது உறை, எது சரக்கு?

ரத்தம் ஏன் போயும் போயும் எலும்புக்குள் உற்பத்தியாக வேண்டும்? மீன்களுக்கு அது சிறுநீரகத்தில். வரிக்குதிரை மீனின் சிறுநீரகத்துக்கு மேலே கறுப்பு நிறச் செல்கள் குடை பிடித்தாற்போல் மூடியிருக்கின்றன. புற ஊதாக் கதிரிலிருந்து மூலச் செல்களைக் காக்கிற குடை அது என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. நமக்கு எலும்பே கூரை என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த விளக்கம்.

மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறது என்பதே 1868 வரை யாரும் நிரூபிக்காத விஷயம். கோனிக்ஸ்பெர்க்கில் எர்ன்ஸ்ட் நாய்மன், இத்தாலியில் ஜூலியோ பிட்சொசேரோ, இரண்டு பேரும் அதே வருடம் தனித்தனியாகக் கண்டார்கள். அதற்கு முன் அது எலும்புக்கு உணவு என்று நினைத்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் ஏழு உடற்தாதுக்களைச் சொல்வார்கள்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, கடைசியாக வித்து. அங்கே மூளை என்றால் மண்டைக்குள் இருப்பது மட்டுமல்ல, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையும்தான். ரத்தம் இரண்டாவது, மஜ்ஜை ஆறாவது. நாய்மன் பார்த்தது ஆறாவதிலிருந்து இரண்டாவது புறப்படுவதை. வரிசை திரும்பிவிட்டது, ஆனால் என்பையும் மூளையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் மஜ்ஜையின் முடிவு வந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு இருந்தது, எனக்குப் புரியவில்லை. "உள்ளே காலியா இருக்கும், இல்லேன்னா கெட்டது ரொம்பியிருக்கும்னு நினைச்சோம். ரெண்டும் இல்லை. ஃபேக்டரி ஓவர்டைம் ஓடுது. சரக்குதான் கேட்டைத் தாண்டலை." 74 வயதில் மஜ்ஜையில் ஏறக்குறைய 30 சதவீதம் செல்லும் மீதி கொழுப்புமாக இருந்தால் இயல்பு. அப்பாவுக்கு 90 சதவீதம் செல்கள், பச்சைக் குழந்தையின் மஜ்ஜை மாதிரி. ஆனால் ஒவ்வொரு செல்லும் ராட்சத உருவம். டிஎன்ஏவைப் படியெடுக்கத் தேவையான ஒரு பொருள் இல்லாததால் உட்கரு இரண்டாகப் பிரிய முடியாமல் நிற்க, சுற்றியுள்ள உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் மஜ்ஜைக்குள்ளேயே செத்துப்போகிறது. செத்தவை உடைந்ததால் வந்ததுதான் முகத்தில் அந்த எலுமிச்சை மஞ்சள். இல்லாமல் போன பொருள் வைட்டமின் பி12. குறைந்தது 200 இருக்க வேண்டிய இடத்தில் 86.

எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன் கோபம் வந்தது. பி12-க்கும் முதல் நாளே ரத்தம் கொடுத்திருந்தோம். வெளி லேபுக்கு அனுப்பி, அது நான்கு நாள் தூங்கியது. முன்பே வந்திருந்தால் ஊசியே வேண்டியிருக்காதோ என்று கேட்டேன். மூன்றும் குறைந்தவரை நான்கு நாள் காக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை என்றார் டாக்டர். நியாயம்தான். ஆனால் தடயங்கள் எங்கள் வீட்டிலேயே கிடந்தன. ஊறுகாய் பட்டால் நாக்கு எரிகிறது என்றார். வழவழவென்று சிவந்திருந்தது, சூடாகக் காபி குடித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறார், மறதி என்று நினைத்தேன். இரண்டுமே பி12 குறைவின் அடையாளங்கள். அசைவம் கிடையாது. சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின், அது பி12-ஐ உடம்பில் சேரவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். இருந்த ஒரே வழி பாலும் தயிரும். அம்மா போன பிறகு ராத்திரித் தயிர் சாதம் நின்று, இரண்டு இட்லியோடு படுத்துக்கொள்வார். பி12 ஈரலில் சில வருடங்களுக்குச் சேமிப்பு இருக்குமாம். சேமிப்பு தீரும் வரை எங்களுக்குத் தெரியவில்லை.

இதே ராட்சதச் செல் சோகையைத் தேடித்தான் 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நூற்பாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் கொத்துக்கொத்தாக வெளுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். ஆய்வின் ஒரு பகுதி நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது. ரொட்டியில் தடவும் மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-ல் எழுதினார். அதில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது. இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரைக்குப் பின்னால் அந்த ஆலைத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். மஜ்ஜையில் பார்த்தால் ஃபோலிக் அமிலம் இல்லாததும் பி12 இல்லாததும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பி12 ஊசி மருந்து ரத்தச் சிவப்பாக இருக்கும். அதிலுள்ள கோபால்ட் தரும் நிறம். முதல் வாரம் தினமும் ஒன்று. ஐந்தாம் நாள் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகியிருந்தன. ஆறாம் நாள் அப்பா தானாகவே எழுந்து போய் வாசலில் பேப்பர் எடுத்துவந்தார். இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12. காலின் மரமரப்பு மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. நரம்பு மெதுவாகத்தான் வரும், சில சமயம் வராமலும் போகும் என்றார்கள்.

எலும்புத் துண்டின் முடிவும் வந்து சேர்ந்தது, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி ஸ்லைடு வேண்டுமானால் எடுத்துப்போகலாம் என்றதால் வாங்கிவந்தேன். அப்பா ஜன்னலருகே நின்று, மகளின் பூதக்கண்ணாடியை வாங்கி, ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ரோஸ் நிறத்தில் தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஒரு கோடு. அதற்குள் நூல் நூலாகப் பின்னல். பழைய பாலத்தின் அடியில் நின்று பார்ப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கம்பி இடைவெளி கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்றார். "போகட்டும், பழைய வேலை." ஸ்லைடை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, ராத்திரிக்குத் தயிர் உறை ஊற்றியாயிற்றா என்று கேட்டார்.